பெரிய லீவு முடியும் வீடுகள்

வானிலை ஆய்வுத் துறையாரின் கணக்கில் கோடை என்பது மார்ச் மாதத்தில் தொடங்கி மே மாதத்தோடு முடிந்துபோகிற ஒரு பருவம். பஞ்சாங்கம் கணிக்கிறவர்களோ சித்திரையின் பிற்பகுதியில் அக்கினி நட்சத்திர ஆரம்பம் என்றும், வைகாசி நடுவில் அதற்கு நிவர்த்தி என்றும் இரண்டு நாட்களைக் குறித்துக் கொடுத்துவிட்டு, அத்துடன் தங்கள் பொறுப்புத் தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இவ்விரு சாராருக்கும் கட்டுப்படாமல் வெயில் தன் இஷ்டப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி ஒரு சாட்சி. அக்கினி நட்சத்திரம் கழிந்த பிறகு, பருவத்தின் கடைசி நாளாகிய அன்றைக்குத்தான் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அது ஒருபுறம் இருக்கட்டும். குழந்தைகள் மூவரும் நால்வருமாக வளர்கிற ஒரு வீட்டில் கோடை என்றைக்கு முடிகிறது என்று அந்த வீட்டுத் தாயைக் கேட்டுப் பாருங்கள். அவள் ஒரு தேதியைச் சொல்ல மாட்டாள். பெரியவளுக்கு இந்தத் திங்கட்கிழமை, அடுத்தவனுக்குப் புதன்கிழமை, அவனுக்கு இளையவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் தகவல் வரவில்லை, கடைக்குட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, பேன்சீப்பும் கையுமாக அடுத்த தலையைத் தேடிப் போய்விடுவாள்.

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவதற்கில்லை. பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களும், பாடப்புத்தகம் அச்சிடுகிறவர்களும், சீருடையின் நிறத்தைத் தீர்மானிக்கிறவர்களும், திறப்பு நாளைத் தள்ளி வைத்து அறிக்கை விடுகிறவர்களும் தங்கள் மனக்கண்ணில் வைத்திருப்பது ஒரே ஒரு மாணவனையும், அவன் ஒருவனுக்காகவே வாழ்கிற ஒரு தாய் தகப்பனையும்தான் என்பது என் அபிப்பிராயம். வீட்டிலோ குழந்தைகள் அப்படித் தனித்தனியாக இருப்பதில்லை. ஒருவனுக்கு வந்த ஜலதோஷம் இரண்டு நாளில் எல்லோரையும் சுற்றி வந்துவிடுகிறது. ஒருத்திக்கு வாங்கிய ரப்பர் அன்று மாலைக்குள் பொதுச் சொத்தாகிவிடுகிறது. ஒருவன் விழித்துக்கொண்டால் மற்றவர்களின் தூக்கமும் கலைந்துவிடுகிறது. இந்த சாதாரண விஷயத்தை நிர்வாகத்தார் கருதிப் பாராததன் சிரமம் முழுவதும், மே மாதத்தின் கடைசி வாரத்திலும் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களிலும், வீட்டின் தலையில், அதிலும் வீட்டுப் பெண்களின் தலையில், வந்து இறங்குகிறது.

கும்பகோணத்தில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ளாமல் ஒரே வீட்டில், ஒரே சமையலில் இருந்து வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு குழந்தைகளாக வீட்டில் மொத்தம் நால்வர். எல்லோருக்கும் மேலே ஒரு பாட்டி. மூத்தவரின் பெண் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு; அவள் தம்பி மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு; இளையவரின் பையன் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அவன் தங்கை, நாலு வயதுக்காரி, தெருக்கோடி அங்கன்வாடிக்குப் போய்வருகிறாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் நான்கு விதமான பள்ளிகளுக்குப் போவானேன் என்று புதிதாக வருகிறவர்கள் வியப்பதுண்டு. அந்தந்தக் குழந்தையைச் சேர்த்த வருஷத்தில் வீட்டு வரும்படி எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து நடந்த காரியம் அது. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெயர்களை வரிசையாகச் சொன்னால், அந்தக் குடும்பத்தின் பத்து வருஷத்து நல்லகாலமும் கஷ்டகாலமும் விளங்கிவிடும்.

இந்த நால்வருக்கும் விடுமுறை ஒரே மாதிரி வருவதுமில்லை, ஒரே மாதிரி முடிவதுமில்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அநேகம் ஏப்ரல் மாதத்திலேயே புதிய வகுப்பைத் தொடங்கி, கொஞ்ச நாள் பாடமும் நடத்திவிட்டுத்தான் விடுமுறை விடுகின்றன. ஆகையால் அந்த இரண்டாம் வகுப்புப் பையன் வீட்டுக்கு வரும்போதே ஒரு கட்டு வீட்டுப்பாடத்தையும், தெர்மாகோலில் எரிமலை செய்து கொண்டுவர வேண்டும் என்ற உத்தரவையும் சுமந்துகொண்டு வருகிறான். முழுப் பரீட்சை எழுதிவிட்டுப் புத்தகப் பையைப் பரண்மேல் எறிந்த அவனுடைய அக்காவுக்கும் அண்ணனுக்கும் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. எரிமலை மே மாதம் முழுவதும் யார் ஞாபகத்திலும் இராது. பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அது ஞாபகத்துக்கு வரும். அப்போது தகப்பனார் கடைத்தெருவுக்கு ஓடுவார், பெரியப்பா பசையைக் கலப்பார், அக்கா வர்ணம் தீட்டுவாள், எரிமலைக்கு உரியவன் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருப்பான். இவ்வாறு முழுக் குடும்பமும் பிரயாசைப்பட்டுச் செய்த கைவேலைக்கு ஆசிரியை மதிப்பெண் போடுவது யாருக்கு என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

திறப்பு நாள் விஷயத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஜூன் 1 என்றும், ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 5 என்றும் முதலில் அறிவித்தார்கள்; வெயில் தணியவில்லை என்று எல்லோருக்குமாக ஜூன் 7 என்றார்கள்; பிறகு அதையும் மாற்றி மேல் வகுப்புகளுக்கு ஜூன் 12, கீழ் வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று முடித்தார்கள். 2024இல் ஜூன் 6 என்று சொல்லியிருந்தது ஜூன் 10 ஆயிற்று. குழந்தைகளை வெயிலில் வதைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தை நான் ஆக்ஷேபிக்கவில்லை. கூரையில் தகரம் போட்ட வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளோடு பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர் எவரும் ஆக்ஷேபிக்க மாட்டார். அறிவிப்பு கடைசி வேளையில் வருவதுதான் குறை. திருநெல்வேலியில் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும் குடும்பம் ஏப்ரலிலேயே ரயிலில் திரும்புகாலுக்கு ஆறு படுக்கை பதிவு செய்துவிடுகிறது. நாள் மாறினால் அந்த ஆறையும் ரத்துசெய்து, கூட்டம் மிகுந்த அந்த வாரத்தில் புதிதாக ஆறு இடம் தேட வேண்டும். ஒற்றைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்துவிடலாம். நான்கு குழந்தைகளை அப்படிக் கொண்டுவர முடியுமா? கூலி வேலைக்கோ உத்தியோகத்துக்கோ போகிற தாய் திறப்பு நாளை நம்பி விடுப்புச் சொல்லியிருப்பாள்; அந்த விடுப்பு தீர்ந்த பிறகும் பிள்ளைகள் வீட்டிலேயே இருப்பார்கள். ஆண்டுத் தேர்வின் கால அட்டவணையை வெளியிடும்போதே திறப்பு நாளையும், வெயில் மிகுந்தால் அதற்கு மாற்றாக இன்னொரு நாளையும் சேர்த்துச் சொல்லி, மே மாதம் மூன்றாம் வாரத்துக்குள் இரண்டில் ஒன்றை ஸ்திரப்படுத்திவிடுவது பெரிய அரசாங்கத்துக்கு அசாத்தியமான காரியம் அன்று. 2023இல் நடந்ததுபோலப் பெரியவர்களுக்கு ஒரு நாளும் சிறியவர்களுக்கு இரண்டு நாள் கழித்து ஒரு நாளும் வைப்பதையாவது கைவிடலாம். அண்ணன் பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு நானும் போவேன் என்று வாசற்படியில் புரண்டு அழுத தம்பிகள் அந்த ஜூன் மாதத்தில் எத்தனை பேரோ!

இந்தக் காலத்தில் பல குழந்தைகள் உள்ள வீடு எங்கே இருக்கிறது, பழைய கதையை ஏன் பேச வேண்டும் என்று வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992–93ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் 2.48 ஆக இருந்து, 2019–21ஆம் ஆண்டு ஆய்வில் 1.8 ஆகக் குறைந்திருக்கிறது. நம் தாத்தாக்கள் ஆறு பேர், ஏழு பேர் என்று உடன்பிறந்தவர்களை விரல்விட்டு எண்ணியதுபோல இனி எவரும் எண்ணப் போவதில்லை. அதைப் பற்றி வருந்துகிறவர்கள் அந்த ஏழு பேரையும் பெற்று, அவர்களில் இருவரை மண்ணுக்குக் கொடுத்த பாட்டிமாரைக் கேட்டுவிட்டு வருந்தட்டும். ஆனால் ஒன்றும் இரண்டுமாகப் பிறந்த இந்தக் குழந்தைகள் ஆண்டில் ஒரே ஒரு மாதம், முழுப் பரீட்சை லீவில், தாத்தா வீட்டிலோ அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஒன்றுசேர்ந்து ஏழெட்டுப் பேராகிவிடுகிறார்கள். கும்பகோணத்து வீட்டில் நால்வராக இருப்பவர்கள், நாத்தனார் பிள்ளைகள் வந்து சேர்ந்த மறுநாளே எழுவர். பழைய பெரிய குடும்பம் இப்போது ஒரு மாதத்துக்கு மட்டும் உயிர் பெற்று எழுந்து, ஜூன் பிறந்ததும் கலைந்துபோகிறது.

அந்த ஒரு மாதத்தில் அவர்கள் கற்கிற வித்தைகளில் முதன்மையானது பங்கீடு. பங்கனபள்ளி மாம்பழம் ஒன்றை ஐந்து குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் இரண்டு பெரிய கதுப்பு, ஓரங்களில் மெலிந்த இரண்டு கீற்று, மிஞ்சியது கொட்டை. பெரியவர்கள் கதுப்பையே உசத்தி என்று நினைப்பார்கள். குழந்தைகள் உலகத்தில் கொட்டைக்குத்தான் மவுசு, ஏனென்றால் மற்றவர்கள் தின்று முடித்துக் கையை நக்கிக்கொண்டிருக்கும்போதும் கொட்டைக்குச் சொந்தக்காரன் முழங்கைவரை சாறு ஒழுகச் சப்பிக்கொண்டிருக்கலாம். நேற்றுக் கொட்டை யாருக்கு, அதற்கு முன்தினம் யாருக்கு என்ற வரலாறு அத்தனையும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம். வெட்டுகிறவர் கடைசியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் அந்த வீட்டில் எவர் இயற்றியது என்று தெரியவில்லை. அதை மீறத் துணிந்தவர் எவருமில்லை. சென்னை உயர் நீதிமன்றமே மே மாதத்தில் கோடை விடுமுறைக்கு மூடிக்கொள்கிற வேளையில், இந்த வீட்டு நியாயஸ்தலம் மட்டும் காலை ஏழு மணிமுதல் இரவு பத்து மணிவரை இடைவிடாமல் நடக்கிறது. விடுமுறைக்கால அமர்வாகப் பாட்டி ஊஞ்சலில் வீற்றிருக்கிறாள். “அவ தொட்டதுக்கு அப்புறந்தான் பாட்டி நான் அடிச்சேன்” என்ற வாதத்தைக் கேட்டுவிட்டு, வாதியையும் பிரதிவாதியையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தூணருகே நிற்கும்படி தீர்ப்புச் சொல்கிறாள். ஐந்தாவது நிமிஷத்தில் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். மேல்முறையீடு கிடையாது.

கோடைக்கால முகாம் என்ற பெயரில் கராத்தேயும் கையெழுத்தும் மனக்கணக்கும் கற்றுத் தருகிற இடங்களுக்குக் குழந்தைகளை அனுப்புவதை நான் இழிவாகப் பேச மாட்டேன். இருவரும் வேலைக்குப் போகிற பெற்றோருக்கு அதைவிட்டால் வேறு போக்கு இல்லை. ஆயினும், மாங்கொட்டை வழக்கில் வாதாடித் தோற்றுப்போய், தோற்ற பிறகும் அதே பாயில் அதே எதிரியின் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டிய அவசியத்தைக் கட்டணம் வாங்குகிற எந்த முகாமும் உண்டாக்கித் தர இயலாது.

அப்படி ஒரே பாயில் தலையோடு தலை சேர்த்துத் தூங்கியதன் பலன் மே மாதக் கடைசியில் தெரியவரும். எழுவர் தலையிலும் பேன். வாசல் திண்ணையில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு, வேப்பெண்ணெய் தடவிய தலையைப் பேன்சீப்பால் அடியோடு வாரி, ஈரைக் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்குகிற வேலையைப் பெரியம்மாவும் சித்தியும் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். முன்காலத்தில் இதே வாரத்தில்தான் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவதும் நடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில்தானே அதைச் செய்ய முடியும்! மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட அந்த எண்ணெயின் நாற்றம் எங்கள் தலைமுறையோடு போயிற்று. இப்போது பள்ளியிலேயே பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். முன்னேற்றம் என்று நான் மனமார ஒப்புக்கொள்கிறவற்றில் அது ஒன்று.

தூக்கத்தைத் திருப்புவதுதான் மிகவும் கடினம். இரவு பதினொரு மணிவரை மொட்டைமாடியில் பேய்க்கதை பேசிவிட்டுக் காலை எட்டரைக்கு எழுந்திருக்கப் பழகிய உடம்பு, ஆறு மணிக்கு எழுந்திரு என்றால் எழுந்திருக்குமா? ஒற்றைக் குழந்தையாக இருந்தால் கதை சொல்லித் தட்டித் தூங்கவைத்துவிடலாம். நால்வர் என்றால், மூவர் கண்ணயர்ந்த பிறகு நாலாவது வாலில்லாக் குரங்கு “அண்ணா, தூங்கிட்டியா?” என்று ஒரு கேள்வி கேட்கும், அத்துடன் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். இதற்குச் சாஸ்திரத்தில் மருந்து ஏதும் இல்லை. முதல் வாரம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்; ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்ட உயரம் சீருடையை எடுத்து மாட்டிப் பார்க்கும்போதுதான் பிரத்தியட்சமாகத் தெரிகிறது. அக்காலத்தில் இதற்கு ஒரு கிரமம் இருந்தது. “வளருகிற பிள்ளை, கொஞ்சம் தாராளமாக விட்டுத் தையுங்கள்” என்று தையற்காரரிடம் சொல்லி, உள்ளே மூன்று விரற்கடை மடிப்பு வைத்துத் தைக்கச் செய்வார்கள். வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டு, பிரிக்க மடிப்பு இல்லாமற்போனதும் அது தம்பிக்குப் போகும். புத்தகங்களும் அப்படியே. பூகோளப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அண்ணன் பெயர் எழுதி அடிக்கப்பட்டு, அதன் கீழே அக்காள் பெயர் எழுதி அடிக்கப்பட்டு, மூன்றாவதாக என் பெயர் இருந்தது. உடன்பிறப்பு இல்லாதவர்கள் மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளையிடம் பாதி விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். இப்போது தனியார் பள்ளிகள் பலவற்றில் புத்தகத்திலேயே கோடிட்ட இடத்தை நிரப்பவும், படத்துக்கு வண்ணம் தீட்டவும், ஸ்டிக்கர் ஒட்டவும் செய்யும்படி அமைத்துவிடுகிறார்கள். மார்ச் மாதம் முடிகிறபோது அது பழைய பேப்பர்க்காரரைத் தவிர வேறு எவருக்கும் உபயோகமில்லை. அப்படி எழுதாமல் பத்திரமாக வைத்திருந்தாலும், அடுத்த வருஷம் வேறொரு பதிப்பகத்தாரின் புத்தகத்தை வைப்பார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை சட்டையின் கோடு மாறும், காலுறையின் கரை மாறும். இரண்டாவது குழந்தைக்குக் கட்டணத்தில் சலுகை தருகிற பள்ளிகள் சில உண்டு. வலக்கையால் கொடுத்த அந்தச் சலுகையைப் புத்தகக் கட்டும் சீருடைத் துணியும் இடக்கையால் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் புத்தகம் இலவசம். சத்துணவு உண்கிற எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணை சீருடையும் இலவசம் என்பதால், இந்த அவஸ்தை நடுத்தர வகுப்பார் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும், பாடப்புத்தகம் வேறு, பயிற்சி ஏடு வேறு என்று பிரித்து அச்சிடுவதற்கும், ஐந்து வருஷத்துக்குச் சீருடையை மாற்றாமல் இருப்பதற்கும் பள்ளி நிர்வாகங்களுக்கு யாதொரு நஷ்டமும் வராது. லாபத்தில் சற்றுக் குறையலாம், அவ்வளவே.

புத்தகம் வந்தவுடன் அட்டை போடுகிற சடங்கு ஒன்று பாக்கியிருக்கிறது. சமச்சீர்க் கல்வி வழக்கு நடந்துகொண்டிருந்த 2011ஆம் ஆண்டில் பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறந்தும், ஆகஸ்டு 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அநேக வகுப்புகளுக்கு அட்டை போடுவதற்குப் புத்தகமே இல்லாமல் இருந்தது. அதுபோன்ற வருஷங்களைத் தவிர மற்ற ஜூன் மாதங்களில் இது தவறாமல் நடந்து வருகிறது. கும்பகோணத்து வீட்டில் இதைச் செய்கிறவர் மூத்த தகப்பனார். கூடத்தில் பாயை விரித்து, பழுப்புக் காகிதச் சுருளை உருட்டிவிட்டு, நாலு மூலைக்கும் நாலு பிள்ளைகளைக் காவல் வைத்து, கத்தரிக்கோலால் ஒரே இழுப்பில் கிழித்து, முதுகுப்பக்கம் முக்கோணமாக வெட்டி உள்ளே மடித்து, நகத்தால் தேய்த்து விளிம்பைப் படியவைக்கிற கைத்திறன் அவருடையது. அக்கா லேபிளில் பெயர் எழுதுகிறாள். பெரிய பையன் ஒட்டுகிறான். சின்னவன் ஒட்டியதைக் கோணல் என்கிறான். நாலு வயதுக்காரிக்குப் புத்தகம் ஏது? அவள் உதடு பிதுங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுப் பாட்டி போன வருஷத்துப் பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்ட, பெரியப்பா அதற்கும் மற்றவற்றுக்குப் போட்டது போலவே மூலை மடித்து அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பாடம் என்ற இடத்தில் ‘எல்லாம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த லேபிள்களை எழுதிய பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுக்கு வயது பதினான்கு. மே மாதம் முழுவதும் காலையில் சின்னவர்களுக்குப் பல் தேய்த்துவிட்டதும், சாப்பாடு ஊட்டியதும், சண்டை விலக்கியதும், ஈரத் துணியை மாடியில் உலர்த்தியதும், சாயங்காலம் மழைத்தூறல் விழுந்தால் ஓடிப்போய் எடுத்து வந்ததும் அவள்தான். அத்தை மகன் ஒருவன், அவளைவிட ஒரு வயது பெரியவன், கிரிக்கெட் மட்டையோடு வெளியே போனால் பசி எடுத்த பிறகுதான் வீடு திரும்புவான்; அவனிடம் ஒரு வேலை சொல்ல எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. “அக்கா இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையில்லை” என்று சித்தி பெருமையோடு சொல்கிறாள். சொல்வதில் வஞ்சகம் ஏதுமில்லை, அன்புதான் இருக்கிறது. ஆனால் ஏழெட்டுக் குழந்தைகள் இருந்த காலத்தில் மூத்த பெண்ணை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, தொட்டில் கயிற்றை அவள் கையில் கொடுத்த வழக்கத்தின் மிச்சம் அந்த அன்புக்குள் ஒளிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறக்கிற நாளில்தான் விடுமுறை தொடங்குகிறது. இதற்கு அரசாணை வேண்டாம். அந்த மட்டைக்காரப் பையனை அழைத்துத் தம்பிமாரைக் குளிப்பாட்டச் சொல்லப் பெரியவர்கள் மனம் வைத்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் மூன்று வேளையும் உலை கொதிக்கிற வீட்டின் கதை. செங்கற் சூளையிலும் நடவு வயலிலும் கட்டட வேலையிலும் நாட்கூலி வாங்குகிற தாய்மாரின் வீட்டில் கோடை முடிவதற்கு வேறு அர்த்தம் உண்டு. 1956இல் காமராஜர் காலத்தில் தொடங்கிய மதிய உணவும், 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கி, அடுத்த வருஷம் ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவும் பள்ளி நடக்கிற நாட்களுக்கே உரியவை. தொடக்கப் பள்ளியில் மூன்று குழந்தைகள் படிக்கிற வீட்டில், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால், முப்பது சாப்பாடு பள்ளியிலேயே முடிந்துவிடுகிறது. முழுப் பரீட்சை லீவு விட்ட மறுநாள் அந்த முப்பதும் தாயின் கூலியிலிருந்தே வர வேண்டும். வேலையும் வெயிலால் குறைந்துபோகிற மாதம் அது. அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் சில நாள் விடுமுறை உண்டு என்பதால் கைக்குழந்தைக்குச் சற்றே மூத்ததையும் வேலைத்தலத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. திறப்பு நாள் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து நகரத்துப் பிள்ளைகள் கைகொட்டி ஆர்ப்பரிக்கிற அதே நேரத்தில், இன்னும் ஒரு வாரத்து அரிசிக்கு யாரிடம் கேட்பது என்று யோசிக்கிற தாய்மார்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். அவர்களை எந்த நிருபரும் பேட்டி காண்பதில்லை.

விடுமுறை நாட்களிலும் பள்ளியில் சாப்பாடு போடுவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதியே உத்தரவிட்டிருக்கிறது. ஒரு வீட்டில் வறட்சி வருவதற்கு மாவட்டம் முழுவதும் ஏரி வற்ற வேண்டும் என்பதில்லை. சத்துணவுக் கூடங்கள் இருக்கின்றன, அடுப்பும் பாத்திரங்களும் இருக்கின்றன, சமைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். சமைப்பவர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்பது நியாயமாகையால், ஊருக்கு ஒரு கூடமாவது முறை வைத்துத் திறந்து, அந்த மாதத்துக்குக் கூடுதல் ஊதியமும் கொடுக்கலாம். வீட்டில் வசதி உள்ள பிள்ளைகள் வரமாட்டார்கள். வருகிற பிள்ளைகளுக்காவது, அவர்களோடு கைபிடித்து வருகிற தம்பி தங்கைகளுக்காவது, விடுமுறை நாட்களிலும் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும்படி அடுத்த மே மாதத்துக்கு முன்பே ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.